சீனக்குடாவும் குறிஞ்சாக்கேணியும்: வான்வழித் தூரம், பயண நேரம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

தொலைவிலுள்ள இரு விமான நிலையங்களுக்கிடையே எத்தனை மைல், அத்தூரத்தைக் கடக்க எத்தனை மணி நேரம் என்னும் வினா, மேலெழுந்தவாரியாக நோக்குமிடத்து வெறுங் கணக்கு வினாவாகவே தோன்றும். பூமி கோளவடிவினது. அதன் மேற்பரப்பில் இரு புள்ளிகளுக்கிடையே அமையும் மிகக் குறுகிய வழி, படத்தில் நாம் கீறும் நேர்கோடன்று. பூமியின் மையத்தை மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் ஒரு வில்லே அது. இரு நிலையங்களினதும் அகலக்கோடும் நெடுங்கோடும் தெரிந்தால் அவ்வில்லின் நீளத்தைக் கணித்துவிடலாம். அதனை விமானத்தின் வேகத்தால் வகுத்து, ஏறி இறங்குவதற்கான நேரத்தைக் கூட்டினால் பயண நேரம் கிடைத்துவிடும். பள்ளி மாணவன் ஒருவன் செய்யக்கூடிய கணக்கு இது.

ஆனால் இக்கணக்கின் இரு பகுதிகளும் ஒரே இயல்பினவல்ல. தூரம் மனித விருப்பு வெறுப்புகளைச் சாராதது. அது அன்றிருந்தவாறே இன்றும் உள்ளது. நேரமோ ஊர்தியைச் சார்ந்தது. ஊர்தி எரிபொருளையும் இறங்குதளத்தையும் சார்ந்தது. அவை மூலதனத்தையும் அரசதிகாரத்தையும் சார்ந்தவை. எனவே, ஓரூர் இன்னோர் ஊருக்கு ‘அண்மையில்’ உள்ளது என்று கூறும்பொழுது நாம் கூறுவது புவியியலுண்மை மட்டுமன்று. சமுதாய உறவொன்றையுங் கூறுகின்றோம். வெளியைக் காலத்தால் வெல்லும் உந்துதல் மூலதனத்தின் இயல்பிலேயே உள்ளதென்பதை மார்க்ஸ் எடுத்துக் காட்டினார். அவ்வெற்றி எல்லா இடங்களிலும் எல்லா வர்க்கங்களுக்கும் ஒருங்கே கிட்டுவதில்லை என்பதைத் திருகோணமலைக் குடாவின் வரலாற்றைக் கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கு இரு இடங்களை எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, கொட்டியாரக் குடாவின் உட்கரையில் பிரித்தானியர் அமைத்த சீனக்குடா விமானத்தளம். மற்றது, அதற்குத் தெற்கே, குடாவின் மறுகரையில் கிண்ணியாவை அடுத்துள்ள குறிஞ்சாக்கேணி. குறிஞ்சாவும் கேணியும் சேர்ந்தமைந்த இப்பெயர், கொடியும் நீரும் நிறைந்த நிலத்தை நினைவூட்டுவது. நெற்செய்கையும் மீன்பிடியும் கூலியுழைப்பும் இப்பகுதி மக்களின் வாழ்வாதாரங்கள். இரண்டுக்குமிடையே, பறவை பறக்கும் வழியில், சில கிலோமீற்றர்களே உள்ளன.

2

தமிழ் மக்கள் தூரத்தை எவ்வாறு அளந்தனர் என்பதை முதலில் நோக்குதல் பொருத்தமாகும். ‘கூப்பிடு தூரம்’ என்பது குரலின் எல்லை. ‘நாழிகை வழி’, ‘ஒரு நாள் வழி’ என்பன நடையின் எல்லை. இங்கே தூரமும் நேரமும் தனித்தனி அளவைகளாகப் பிரிந்து நிற்கவில்லை; நடக்கும் மனித உடலே அளவுகோலாக இருந்தது. மன்னனின் தூதனும் உமணனும் உழவனும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சென்ற, அல்லது குதிரையும் வண்டியும் உடையவன் சற்று விரைந்து சென்ற சமுதாயத்தில், இவ்வளவைகள் போதுமானவையாயிருந்தன.

குடியேற்ற ஆட்சி வீதிகளை அமைத்து மைற்கற்களை நாட்டியது. இலங்கைத் தமிழில் மைலுக்குக் ‘கட்டை’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. திருகோணமலையைச் சுற்றி ‘மூன்றாம் கட்டை’, ‘ஆறாம் கட்டை’ என இன்றும் இடங்கள் சுட்டப்படுவதை அவதானிக்கலாம். நடப்பவன் உடலிலிருந்து பிரிந்து தூரம் வீதியோரத்துக் கல்லில் ஏறிய மாற்றத்தை இச்சொல் பதிந்து வைத்துள்ளது.

அதனினும் குறிப்பிடத்தக்கது கிழக்கிலங்கை வழக்கிலுள்ள ‘பாதை’ என்னுஞ் சொல்லாகும். பொதுத்தமிழில் வழியைக் குறிக்கும் இச்சொல், இங்கு நீர்த்துறைகளில் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கடத்தும் மிதவையையும் குறிக்கும். கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் எனத் திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் கரையோர வழி நெடுகிலும் வீதி நீரில் முடிந்தது. அப்பால் ‘பாதை’ தொடங்கிற்று. வழியே வந்து நம்மை ஏற்றிச் செல்லவேண்டிய நிலத்தில் வாழ்ந்தவர்கள் மிதவைக்கு வழியின் பெயரையே இட்டனர். இச்சொல்லுக்குக் கட்டுரையின் இறுதியில் மீண்டும் வருவோம்.

3

திருகோணமலை உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றென்பது பலகாலும் கூறப்படுவது. இயற்கையே வரலாற்றைத் தீர்மானிப்பதாயின் இலங்கையின் வாணிகத் தலைமை இத்துறைமுகத்துக்கே கிட்டியிருத்தல் வேண்டும். நிகழ்ந்ததோ வேறு. 1782-ல் முதலில் பிரித்தானியர் கையிலும் பின்னர் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் கையிலும் விழுந்து, மீண்டும் ஒல்லாந்தரிடம் சென்று, 1795-ல் பிரித்தானியர் வசமாகிய இத்துறைமுகம், போர்க்கப்பல்களின் புகலிடமாகவே மதிக்கப்பட்டது.

மத்திய மலைநாட்டில் கோப்பிப் பெருந்தோட்டங்கள் எழுந்தபொழுது அவற்றின் விளைபொருளை இலண்டன் சந்தைக்கு விரைந்து அனுப்புதல் தோட்ட முதலாளிகளின் தேவையாயிற்று. கொழும்புக்கும் கண்டிக்குமிடையே 1867-ல் இருப்புப்பாதை ஓடியது. 1869-ல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டதும், ஆபிரிக்காவைச் சுற்ற வேண்டிய தேவை நீங்கி, ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்குமிடையே கப்பல் செல்லும் தூரம் ஆயிரக்கணக்கான மைல்கள் குறைந்தது. இயற்கைப் பாதுகாப்புக் குறைந்த கொழும்பில் 1875-ல் அலைதடுப்பணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 1885-ல் அது நிறைவெய்தியது. இல்லாத துறைமுகத்தை மூலதனம் மேற்கில் கட்டிற்று. இருந்த துறைமுகத்தைக் கிழக்கில் கடற்படைக்கு விட்டது. ஓர் இடம் எதற்கு அண்மையாதல் வேண்டும் என்பதை இயற்கையன்றி உற்பத்தியின் தேவையே தீர்மானித்தமைக்கு இதனினுந் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

திருகோணமலைக்கு இருப்புப்பாதை வந்தது கண்டிக்கு வந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழிந்து, 1920-களின் இறுதியில். அக்காலத்தில் போர்க்கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியிருந்தன. இரு உலகப் போர்களுக்குமிடைப்பட்ட காலத்தில் சீனக்குடாவை அடுத்த காட்டுக்குள் நூற்றளவான எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளக்கூடியது. இருப்புப்பாதை, எண்ணெய்த் தாங்கி, விமான ஓடுபாதை ஆகிய மூன்றும் குடாவின் ஒரே கரையில் அடுத்தடுத்து அமைந்தமை தற்செயலன்று. மறுகரை மக்களுக்கு அவற்றுள் எதுவும் உரியதாக எண்ணப்படவில்லை.

4

விமானப் போக்குவரத்து தொடக்கத்திலிருந்தே பேரரசின் தபாலோடும் நிருவாகத்தோடும் பிணைந்திருந்தது. 1929-ல் இலண்டனும் கராச்சியும் வான்வழித் தபாலால் இணைந்தன. 1932 ஒக்டோபர் 15-ஆந் திகதி டாட்டா நிறுவனத்தின் தபால் விமானம் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்குப் புறப்பட்டது. கொழும்பை அடுத்த இரத்மலானையில் 1935-ல் முதல் விமானம் இறங்கியது. 1930-களின் பிற்பகுதியில் இலண்டனிலிருந்து சிங்கப்பூர் வழியாக அவுஸ்திரேலியா வரை பேரரசின் வான்வழி நீண்டிருந்தது.

1942 பெப்ரவரி 15-ல் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்ததும் அவ்வழி அறுந்தது. மலாயாவின் இறப்பரும் சுமாத்திராவின் எண்ணெயும் யப்பானின் கைக்குச் சென்றன. நேச நாடுகளின் இயற்கை இறப்பருக்கு இலங்கையே முதன்மை மூலமாயிற்று. ஏப்பிரல் 5-ல் கொழும்பும் ஏப்பிரல் 9-ல் திருகோணமலையும் யப்பானிய விமானங்களால் தாக்கப்பட்டன. அதே ஒன்பதாந் திகதி, மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. தொலைவிலுள்ளதெனக் கருதப்பட்ட போர் ஒரு காலைப்பொழுதில் குடாக்கரைக்கு வந்துவிட்டது.

இந்நிலையிலேயே இலங்கையின் வான்வழி வரலாற்றின் மிக வியத்தகு பயணங்கள் தொடங்கின. 1943 யூன் 29 முதல் 1945 யூலை வரை, அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் தென்னிலங்கையின் கொக்கலை வாவிக்குமிடையே குவாண்டாஸ் நிறுவனத்தின் கற்றலீனா நீர்விமானங்கள் 271 தடவைகள் இந்து சமுத்திரத்தைக் கடந்தன. தூரம் ஏறத்தாழ 3,500 மைல். பயண நேரம் 27 முதல் 33 மணி. இடையில் இறங்குவதற்கு இடமில்லை. எதிரி அறிதல் கூடாதென்பதால் வானொலித் தொடர்பைத் தவிர்த்து, விண்மீன்களை நோக்கியே திசை கணித்தனர். பறக்கும்பொழுதே இரு தடவை சூரியன் உதிக்கக் கண்டமையால் ‘இரட்டைச் சூரியோதயம்’ என்னும் பெயர் இப்பயணத்துக்கு நிலைத்தது. இன்றைய ஜெட் விமானத்தின் வேகத்திற் கணித்தால் அதே தூரம் ஏழு மணி நேரத்துக்குட்பட்டது.

விமானிகளின் துணிவும் திறனும் ஐயத்துக்கிடமற்றவை. எனினும் இவ்விமானங்கள் எவற்றைச் சுமந்தன என்பதை நாம் கேட்டல் வேண்டும். எரிபொருளே பெருஞ்சுமையாயிருந்தமையால் ஒரு பயணத்தில் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற இயலவில்லை. அவர்களோடு எழுபது கிலோகிராமுக்கும் குறைந்த தபாலே சென்றது. மூவருக்கும் ஒரு மூட்டைக் கடிதத்துக்குமாக ஒரு சமுத்திரத்தின் அகலம் முப்பது மணி நேரமாகச் சுருக்கப்பட்டது. அச்சுருக்கத்தின் விலையை வேறொருவர் செலுத்தினர்: கொக்கலைக் கிராமம் விமானத்தளத்துக்காக எடுக்கப்பட்டு, அங்கு வாழ்ந்தோர் வெளியேற்றப்பட்டனர். அது சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த கிராமமாகும். பேர்த்தும் கொக்கலையும் அண்மையாயின. கொக்கலை மக்களும் அவர்தம் வீடுகளும் சேய்மையாயினர்.

சீனக்குடாவின் முறை 1944-ல் வந்தது. பாரிய பி-29 விமானங்கள் இறங்குவதற்கேற்ப அங்குள்ள ஓடுபாதை நீட்டப்பட்டது. வங்காளத்திலிருந்த அமெரிக்கத் தளங்களிலிருந்து வந்த 54 விமானங்கள், 1944 ஓகஸ்ட் 10-ஆந் திகதி மாலை சீனக்குடாவிலிருந்து கிளம்பிச் சுமாத்திராவின் பலெம்பாங்கை நோக்கிச் சென்றன. நேர்வழித் தூரம் ஏறத்தாழ 1,800 மைல். போய் மீண்ட வழி 3,800 மைலுக்கும் மேற்பட்டது. மணிக்கு ஏறத்தாழ 200 மைல் என்னும் வேகத்தில் இது முக்கால் நாட் பயணம். ஒரே தளத்திலிருந்து கிளம்பி, இடையில் எங்கும் இறங்காது, தாக்கித் திரும்பிய அப்போரின் மிக நீண்ட வான்பயணங்களுள் ஒன்றாக இது எண்ணப்படுகிறது. இலக்கை அடைந்தவை 39 விமானங்களே. எண்ணெய் ஆலைக்கு நேர்ந்த சேதம் சிறிது. மூசி ஆற்றிலிடப்பட்ட கண்ணிகள் கப்பற் போக்குவரத்தைச் சில காலம் தடுத்தன.

தாக்கப்பட்ட ஆலை போருக்கு முன் ஷெல் நிறுவனத்தின் பிணையத்துக்குட்பட்டிருந்ததென்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. எண்ணெய்த் தாங்கிகளை அடுத்த ஓடுபாதையிலிருந்து எண்ணெயை எரித்துக்கொண்டு எண்ணெய் ஆலையை எரிக்கச் சென்ற பயணம் அது. சீனக்குடாவையும் பலெம்பாங்கையும் ஓரிரவுக்கு அண்டை ஊர்களாக்கியது வாணிகமோ மக்களுறவோ அன்று. எண்ணெய்க்கான ஏகாதிபத்தியப் போட்டியே.

5

‘இஃது எல்லாம் தொழினுட்ப வளர்ச்சியின் வரலாறுதானே, வேகம் முதலிற் சிலருக்கும் பின்னர் பலருக்கும் கிட்டுவது இயல்பன்றோ?’ என்று ஒருவர் வினவலாம். இவ்வாதத்தில் ஓரளவு உண்மையுண்டு. 1957-ல் பிரித்தானியத் தளங்கள் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டன. ஒரு காலத்தில் மூவர் மட்டும் கடந்த சமுத்திரத்தைப் பின்னாளில் ஆயிரக்கணக்கான உழைப்பாளர் கடந்தனர். ஆயின் இப்பரவல் தானாக நிகழ்வதன்று. யாருடைய தேவைக்காக நிகழ்கிறது என்பதே வினா.

1973-ல் எண்ணெய் விலை உயர்ந்ததைத் தொடர்ந்து வளைகுடா நாடுகளில் உழைப்புக்கான கேள்வி பெருகியது. 1977-க்குப் பின்னர் இலங்கையின் திறந்த பொருளாதாரம் அவ்வுழைப்பை ஏற்றுமதிப் பண்டமாக்கிற்று. கிண்ணியா, மூதூர்ப் பகுதிகளிலிருந்தும் ஆண்களும் பெண்களும் சென்றனர். கட்டுநாயக்காவிலிருந்து றியாத்துக்கு ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர். ஐந்து மணி நேரமளவிற் கடக்கலாம். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு வீதிவழி 260 கிலோமீற்றரளவே. அதற்குப் பேருந்தில் ஆறு ஏழு மணி நேரம் செல்லும். உழைப்பை வாங்கும் சந்தை பாலைவனத்துக்கு அப்பாலிருந்தும் அண்மையாயிற்று. உழைப்பவனின் சொந்தத் தலைநகரம் அதனினுஞ் சேய்மையில் நின்றது.

போர்க்காலம் இத்தூரங்களை மேலும் நீட்டிற்று. சோதனைச் சாவடியும் மூடப்பட்ட வீதியும் ஒரு மணி நேர வழியை ஒரு நாள் வழியாக்கின. 2006 ஓகஸ்டில் மூதூரிலிருந்து இடம்பெயர்ந்த பல்லாயிரவர் கந்தளாயை அடைந்தபொழுது, அவர்களுட் பலருக்குக் கால்களே ஊர்தியாயிருந்தன. ‘நாள் வழி’ என்னும் பண்டை அளவை அங்கு வழக்கிழந்த சொல்லன்று. ஓடுபாதையிருக்கும் அதே மாவட்டத்தில் மீண்டும் உயிர்பெற்ற சொல்.

கிண்ணியாவையும் திருகோணமலைப் பக்கக் கரையையும் இணைத்த 396 மீற்றர் நீளப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கு நிதியுதவி செய்தது சவூதி அபிவிருத்தி நிதியம். அதுவரை அந்நீரைக் கடக்கப் பாதையே துணை. சுமையேற்றிய வண்டியும் நோயாளியும் மாணவனும் கரையில் நின்று அதன் வருகையைப் பார்த்திருந்தனர். நானூறு மீற்றர் அகலமுங் காணாத நீர்ப்பரப்பு அது. 1944-ல் 1,800 மைலை ஓரிரவில் வென்ற பொறியியல் அறிவு அதே குடாவின் வாயை மூடுவதற்கு 65 ஆண்டுகள் பிந்தியமைக்குக் காரணம் அறிவின்மையன்று. பாலத்தின் பயனைப் பெறுவோர் பாலத்தைத் தீர்மானிப்போராக இருக்கவில்லை என்பதே காரணம்.

6

குறிஞ்சாக்கேணியில் அப்பிந்துகை உயிர்களைக் கொண்டது. கிண்ணியா நகரையும் குறிஞ்சாக்கேணியையும் பிரிக்கும் களப்புப் பகுதியிற் புதிய பாலத்துக்கான வேலை முடிவுறாதிருந்த நிலையில், மக்கள் மிதவைப் பாதையை நம்பியிருந்தனர். 2021 நவம்பர் 23-ஆந் திகதி காலை, பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகளையும் ஏற்றிச் சென்ற அப்பாதை கவிழ்ந்தது. சிறார்களை உள்ளிட்ட ஆறு பேர் அன்றே மாண்டனர். பின்னர் இத்தொகை மேலும் உயர்ந்தது. துயருற்ற மக்கள் வீதிக்கு வந்து தம் எதிர்ப்பைக் காட்டினர்.

இந்நிகழ்ச்சியை ஒரு படகோட்டியின் தவறாகவோ ஒரு மிதவையின் பழுதாகவோ மட்டும் நோக்குவோர், கணக்கின் ஒரு பகுதியை மாத்திரமே செய்கின்றனர். அன்று காலை அப்பிள்ளைகள் கடக்க முனைந்த தூரம் கூப்பிடு தூரம்; ஒரு கரையிலெழுந்த குரல் மறுகரைக்குக் கேட்கும். அத்தூரத்தை ஆபத்தான தூரமாக்கியது நீரின் ஆழமன்று. முடிக்கப்படாத பாலமும், அதனை முடிக்கும் அவசரம் எவருடைய பொறுப்பாகவும் இராமையுமே அதனை ஆபத்தாக்கின. போரின் தேவைக்காக ஓடுபாதையைச் சில மாதங்களில் நீட்ட முடிந்தது என்பதை இதனோடு ஒப்புநோக்குமிடத்து, ‘வசதியில்லை’, ‘காலம் எடுக்கும்’ என்னும் விடைகளின் வர்க்கப் பண்பு புலனாகும். காலம் யாருக்கு எடுக்கிறது, யாரிடமிருந்து எடுக்கிறது என்று கேட்டல் வேண்டும்.

இவற்றால் வான்வழிப் போக்குவரத்துப் பயனற்றதென்றோ, பெருந்தூரங்களைக் கடத்தல் வீண் ஆடம்பரமென்றோ நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுதல் பழைமைவாதமாகும். விண்மீன்களைத் துணைகொண்டு சமுத்திரத்தைக் கடந்த அறிவு மனிதகுலத்தின் பொதுச் சொத்து. அது பொதுச் சொத்தாக வழங்கப்படாமையே நாம் சுட்டும் குறை. இரு விமான நிலையங்களுக்கிடையேயுள்ள தூரத்தையும் நேரத்தையும் தரும் அட்டவணை, பயணி வீட்டுவாசலிலிருந்து விமான நிலையம்வரை செல்லும் நேரத்தைக் காட்டுவதில்லை. வரலாற்றாசிரியன் கணித்துச் சேர்க்கவேண்டியது அந்நேரத்தையே. அங்குதான் வீதியும் பாலமும் சாவடியும் பேருந்துக் கட்டணமும், அவற்றுக்குப் பின்னாலுள்ள அதிகாரமும் வெளிப்படுகின்றன.

கிழக்கிலங்கைத் தமிழ் மிதவைக்குப் ‘பாதை’ என்று பெயரிட்டதை முன்னர் குறிப்பிட்டோம். இல்லாத வழியை ஈடுசெய்த உழைக்கும் மக்களின் சொல் அது. அச்சொல்லின் இவ்வழக்கு அகராதியில் நிலைத்து வாழட்டும். நீரில் அதற்கு இனி வேலையிருத்தல் கூடாது. சீனக்குடாவிலிருந்து பலெம்பாங் எவ்வளவு தொலைவு என்பதை அறிந்த உலகம், குறிஞ்சாக்கேணிப் பிள்ளையின் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் எவ்வளவு தொலைவு என்பதையும் அதே கண்டிப்போடு கணக்கிடும் நாளிலேயே, தூரத்தை மனிதன் வென்றான் எனக் கூறுதல் பொருந்தும்.